ரிமோட் கையில் இருந்தால் எந்தப் படம் தேறும்?

மஞ்சக்குப்பத்தான்

திட்டுவதென்றால் முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

தியேட்டரில் முதல் தடவை பார்க்கும்போது எந்தப் படமும் நம்மை ஏமாற்றிவிடும். விசில், கூட்டம், பக்கத்து சீட்டுக்காரன் சிரிப்பு எல்லாம் சேர்ந்து தூக்கிவிடும். அதே படத்தை வீட்டில் தனியாக மறுபடி போட்டுப் பாருங்கள். ரிமோட்டில் கட்டைவிரல் எங்கே போகிறதோ அதுதான் விமர்சனம். நான் எதையெல்லாம் பார்க்காமல் வேகமாக ஓட்டிவிடுவேன் என்று சொல்கிறேன். ரசிகர் மன்றத்தார் மன்னிக்க வேண்டாம்.

நாயகன் (1987): நீலா சாகும் வரைக்கும் விரல் அசையாது, படகில் வரும் 'நிலா அது வானத்து மேலே' ஆட்டத்தைத் தவிர. விபசார விடுதியில் அந்தப் பெண், நாளைக்குக் கணக்குப் பரீட்சை இருக்கிறது, சீக்கிரம் விட்டுவிடுவீர்களா என்று கேட்கும் இடம் இருக்கிறதே, அதற்கு முன்னாலும் பின்னாலும் மணிரத்னம் அவ்வளவு சிக்கனமாக ஒரு மனுஷியைக் காட்டியதில்லை. வயசான வேலு நாயக்கர் வந்த பிறகு மேக்கப்பும் கரகரத்த குரலும் மட்டும்தான் தெரிகிறது. மகன் பிணத்தைப் பார்த்து அழும் காட்சியை எல்லாரும் மிமிக்ரி செய்கிறார்கள். நான் ஓட்டிவிடுவேன். ஒரு தகப்பன் அழுவதாக எனக்குத் தெரியவில்லை, ஒரு பெரிய நடிகர் அழுவதாகத்தான் தெரிகிறது.

பாட்ஷா (1995): நக்மா வரும் காட்சிகள் அத்தனையும் போகும். கடைசி ஆள்கடத்தல் சண்டையும் போகும். ஆனால் தங்கைக்கு மருத்துவக் கல்லூரி சீட்டு கேட்கப் போகும் இடத்தில் கை கட்டிப்போடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாணிக்கம் ஏதோ சொல்கிறான், எதிரில் இருப்பவர் முகம் மாறுகிறது, நமக்குக் குரல் கேட்பதில்லை. வெளியே வந்ததும் தங்கை கேட்கிறாள், உண்மையைச் சொன்னேன் என்கிறான். அவ்வளவுதான். அதற்கப்புறம் ரஜினிக்காக எழுதப்பட்ட நூறு பஞ்ச் டயலாக்கைச் சேர்த்து வைத்தாலும் இந்த ஊமைக் காட்சிக்கு ஈடாகாது.

மூன்றாம் பிறை (1982): கடைசியில் வரும் கேத்தி ரயில் நிலையக் காட்சிக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன். சிலுக்கு வரும் பகுதி வேறு படத்துக்கு எடுத்து இதில் ஒட்டியது. 'பொன்மேனி உருகுதே' தொடங்கினால் நான் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

அன்பே சிவம் (2003): இதுதான் பலருக்கு எரியும். பொங்கலுக்கு வந்தது, கூடவே வந்த 'தூள்' படம் அடித்துத் தள்ளியது, இது படுத்துவிட்டது. இன்றைக்கு இணையத்தில் கண்ணீர் விடும் கூட்டம் அன்றைக்கு எங்கே போயிருந்தது தெரியவில்லை. நல்லசிவமும் அன்பரசுவும் ரயிலிலும் ரோட்டிலும் இருக்கிற வரை அருமை. அடிபட்ட பையனுக்கு அன்பரசு ரத்தம் கொடுக்கிறான், ஆம்புலன்சிலேயே பையன் போய்விடுகிறான். மாதவன் அந்த இடத்தில் வசனமில்லாமல் செய்தது பெரிசு. ஆனால் ஃப்ளாஷ்பேக்கில் வீதி நாடகம், பணக்கார அப்பா, காதல் என்று எல்லாமே மேடைப் பிரசங்கம். மொத்தமாக ஓட்டிவிடலாம், கதைக்கு ஒன்றும் ஆகாது.

ஷோலே (1975): ஜெயிலர் காமெடி போகும். தாக்கூர் கப்பரைக் கொல்வதாக எடுத்த முடிவை எமர்ஜென்சி காலத் தணிக்கை மாற்ற வைத்தது, போலீஸ் வந்து தடுப்பதாகத்தான் அன்று எல்லாரும் பார்த்தார்கள். மூன்று மணி நேரம் காத்திருந்தவனுக்கு அது துரோகம்.

டைட்டானிக் (1997): கப்பல் பனிப்பாறையில் மோதுவதற்கு முன் உள்ள பாதி. 11 ஆஸ்கர் வாங்கியிருக்கட்டும்.

பாகுபலி (2015): அருவி ஏறுவது.

96 (2018): பள்ளிக்கூடப் பகுதியில் பத்து நிமிடம். ராம் என்கிற அந்த ஆள் எனக்கு எரிச்சல். முப்பத்தேழு வயசில் ஒரு பெண் தொட்டதும் மயங்கி விழுவதை வெகுளித்தனம் என்று விற்கிறார்கள். ஆனால் கரண்ட் போன வீட்டில் ஜானு 'யமுனை ஆற்றிலே' பாடும்போது அதையெல்லாம் மறந்துவிடுகிறேன். அதுவரைக்கும் அந்தப் பாட்டைப் பாடாமலே இழுத்தடித்தார் பாருங்கள் இயக்குநர், அது கெட்டிக்காரத்தனம்.

சில நேரங்களில் சில மனிதர்கள் (1977): ஜெயகாந்தன் எங்கள் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர், அதனால் விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள். லட்சுமிக்குத் தேசிய விருது சரியாகத்தான் கொடுத்தார்கள். ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டும் பார்க்கலாம். அத்தனையும் பேச்சு.

இப்போது ஆரம்பிக்கலாம்.

நெய்வேலி நிலக்கரி

மாஸ்டர் எங்கே அண்ணே? பயமா?

மஞ்சக்குப்பத்தான்

பயமென்ன தம்பி. 179 நிமிடப் படம். கல்லூரித் தேர்தல் பகுதி முழுக்கப் போனாலும் பவானியின் கதை நிற்கும். விஜய் சேதுபதி வரும் இடங்களை மட்டும் சேர்த்தால் நல்ல ஒன்றரை மணி நேரப் படம் கிடைக்கும்.

நெய்வேலி நிலக்கரி

எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் ஷூட்டிங் நடந்தபோது, 2020 பிப்ரவரி, வெளியே நின்ற கூட்டத்தோடு விஜய் வண்டி மேல் ஏறி செல்ஃபி எடுத்தாரே, அதை ஓட்டுவீர்களா? படத்தைவிட அந்த ஒரு போட்டோ நல்லா ஓடியது. இதைச் சொன்னதற்கு எங்கள் வீட்டிலேயே எனக்கு அடி விழும்.

முத்தியால்பேட்டை மலர்

மஞ்சக்குப்பத்தாரே, ரிமோட் உங்கள் கையில் இருப்பதால் உங்களுக்கு இந்த அளவுகோல். எங்கள் வீட்டில் அது அம்மா கையில். தில்லானா மோகனாம்பாள் (1968) போட்டால் நேராக ஜில் ஜில் ரமாமணி வரும் இடத்துக்குப் போவார். மனோரமா முடிந்ததும் நாகேஷின் வைத்தி. அதுவும் முடிந்தால் 'நலந்தானா'. அந்தப் பாட்டிலும் பத்மினியைப் பார்க்கமாட்டார், தவிலோடு உட்கார்ந்திருக்கும் டி.எஸ். பாலையா முகத்தைத்தான் பார்ப்பார். "அவன் ஒருத்தன்தான்டி அங்க கச்சேரி கேக்கறான்" என்பார். அப்போது சிவாஜியும் பத்மினியும் மோசமா? உங்கள் கணக்குப்படி அம்மா நாயகன் நாயகி இரண்டு பேரையும் ஓட்டிவிட்டார்.

மஞ்சக்குப்பத்தான்

அம்மா சொன்னது சரிதான் மலர். அந்தப் படத்தில் சிவாஜி வாசிப்பதாக நடிக்கிறார், கன்னம் உப்புவதும் விரல் போவதும் அச்சு அசல். உண்மையில் ஊதியது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆனால் கேட்பதாக நடிப்பது அதைவிடக் கஷ்டம். பாலையா அதைச் செய்கிறார். உங்கள் அம்மா இந்த இழைக்கு வரலாம்.

முத்தியால்பேட்டை மலர்

வரமாட்டார், சீரியல் நேரம்.

எங்கள் ஊர்ப் படங்களையும் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் படமெடுக்கிற அத்தனை பேருக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே நாலு தெருதான் தெரியும். மஞ்சள் சுவர், போகன்வில்லா, சைக்கிளில் ஒரு பெண், அப்புறம் காந்தி சிலை. வாய்க்காலுக்கு மேற்கே லட்சம் பேர் குடியிருக்கிறோம், கேமரா பாலம் தாண்டாது. நானும் ரவுடிதான் (2015) எனக்குப் பிடிக்கும். பார்த்திபன் வரும் இடமெல்லாம் சிரித்திருக்கிறேன். காது கேட்காத காதம்பரியை அழ வைக்க மட்டும் பயன்படுத்தாமல் கோபப்படவும் விட்டார்கள், அதுவும் நல்லது. ஆனால் அதிலும் எங்கள் ஊர் வண்ணச் சுவராகத்தான் நிற்கிறது. மற்ற படங்கள் இதற்கும் மோசம். பாண்டி என்றாலே சரக்கு, நாலு ஃப்ரெண்ட்ஸ், ஒரு கார். அந்தக் காமெடி வரும்போது நான் ஓட்டுவதில்லை, அணைத்தேவிடுகிறேன்.

லைஃப் ஆஃப் பை (2012) எங்கள் பொட்டானிக்கல் கார்டனில் மிருகக்காட்சி சாலை இருந்ததாகச் சொல்கிறது. 1826-இல் போட்ட தோட்டம், மரம்தான் இருக்கிறது, புலியெல்லாம் கதை. அது போகட்டும். வீட்டில் பேசும் தமிழ் இருக்கிறதே, அப்பாவும் அம்மாவும் டெலிபோன் டைரக்டரி படிப்பது போலப் பேசுகிறார்கள். நாலு ஆஸ்கர் வாங்கின படத்தில் தமிழ் பேசிக் காட்ட ஒரு ஆள் வைக்க முடியவில்லை. பாம்பே ஜெயஸ்ரீ பாடும் ஆரம்பத் தாலாட்டை மட்டும் தனியாகக் கேட்பேன். படகும் புலியும் வந்த பிறகு நான் ஒன்றும் சொல்லமாட்டேன், அது வேற லெவல். அந்தப் புலியைச் செய்த கிராஃபிக்ஸ் கம்பெனி ஆஸ்கர் மேடைக்கு முந்தின வாரங்களில் திவாலானது. அதைப் படித்த பிறகு புலியைப் பார்த்தாலே அதைச் செய்தவர்கள் ஞாபகம்தான் வருகிறது.

பழைய ஆபரேட்டர்

பண்ருட்டிப் பக்கம் டூரிங் டாக்கீஸில் ஆரம்பித்து, அப்புறம் நிரந்தரத் தியேட்டரில் ரிட்டயர் ஆனவன் நான். தம்பி சொல்லும் ரிமோட் அன்றைக்கு என் கையில்தான் இருந்தது. அதனால் கொஞ்சம் பேசுகிறேன்.

டூரிங்கில் ஒரே மெஷின். ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு மாற்றுவோம். அதனால் ஒரு படத்துக்கு மூன்று நாலு இடைவேளை. சாயங்காலம் 'விநாயகனே வினை தீர்ப்பவனே' ரிக்கார்டு போட்டால் டிக்கெட் கொடுக்கப்போகிறோம் என்று சுற்று வட்டாரத்துக்கே தெரியும். பெரிய தியேட்டருக்குப் போன பிறகு இரண்டு மெஷின், கார்பன் குச்சி வெளிச்சம். இரண்டு குச்சி முனையும் எரிந்து தேயத் தேய நடுவில் உள்ள இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், விட்டால் திரை மஞ்சளடிக்கும். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிடம் ஓடும். முடியும் நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும், அடுத்த மெஷினை ஓடவிடுவோம். இரண்டாவது புள்ளிக்கு மாற்றிவிடுவோம். படம் பார்ப்பவனுக்கு அந்தப் புள்ளி தெரியாது, எனக்கு இன்றைக்கும் டிவியில் பழைய படம் போட்டால் புள்ளி மட்டும்தான் தெரிகிறது.

இரண்டாம் ஆட்டம் நேரமாகிவிட்டால் முதலாளி மேலே ஆள் அனுப்புவார். கிராமத்து ஜனம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், ஒரு பாட்டைத் தூக்கு என்பார். எந்தப் பாட்டைத் தூக்குவது என்று எனக்குத் தெரியும். ஜனங்கள் பீடி பிடிக்க எப்போது எழுந்து போகிறார்கள் என்று மேலே ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அதுதான் நீங்கள் சொல்லும் கட்டைவிரல்.

ஆனால் ஒரு விஷயம். மூன்றாம் பிறையில் 'பொன்மேனி உருகுதே' வந்தால் வெளியே போனவனும் உள்ளே ஓடி வருவான். அதைத் தூக்கியிருந்தால் மெஷின் ரூமுக்கு வந்து அடித்திருப்பார்கள். நீங்கள் கும்பிடும் கேத்தி ஸ்டேஷன் காட்சிக்கு அந்த நேரத்தில் பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பான், பஸ்ஸுக்கு. சிலுக்கு கூட்டி வந்த கூட்டம்தான் கமல் மண்ணில் புரள்வதைப் பார்த்தது. அந்தப் பாட்டு இல்லாவிட்டால் உங்கள் கலைப்படத்தை எங்கள் ஊரில் மூன்று நாளில் பெட்டி கட்டியிருப்போம்.

மஞ்சக்குப்பத்தான்

ஐயா, படம் ஓடுவது வேறு, மனசில் தங்குவது வேறு. சிலுக்கு படத்தை ஓட்டியது என்பதை ஒப்புக்கொள்கிறேன், அதனால் அந்தப் பகுதி நன்றாக எடுக்கப்பட்டது என்று ஆகிவிடாது. அந்த அம்மாவின் கதாபாத்திரத்துக்கு ஒரு கிழட்டுப் புருஷனும் ஒரு ஏக்கமும் தவிர பாலு மகேந்திரா என்ன கொடுத்தார்? ஸ்ரீதேவிக்கு நாய்க்குட்டியோடு விளையாடக்கூட நேரம் கொடுத்தவர்தானே அவர்.

பழைய ஆபரேட்டர்

அது நியாயம். சிலுக்கை யாருமே சரியாகப் பயன்படுத்தவில்லை.

சோனாங்குப்பம் அலை

தசாவதாரம் (2008) பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் பேசுகிறேன்.

பத்து வேஷம், மேக்கப், அதெல்லாம் இருக்கட்டும். முதல் பதினைந்து நிமிடம், 12-ஆம் நூற்றாண்டுச் சிதம்பரம், பெருமாளோடு சேர்த்துக் கட்டி நம்பியைக் கடலில் போடுவது வரை கண் இமைக்கமாட்டேன். பிச்சாவரத்தைச் சினிமாக்காரர்கள் எம்.ஜி.ஆரின் இதயக்கனி (1975) காலத்திலிருந்து காட்டுகிறார்கள். இந்தப் படத்திலும் அந்தப் பகுதி அழகு.

என் பிரச்சினை முடிவு. 2004 டிசம்பர் 26. கிருமியை அழிக்க உப்புத் தண்ணீர் வேண்டும், கதைக்கு வசதியாக அலை வருகிறது. ஊர் பிழைத்தது, கடவுள் உண்டா இல்லையா என்று ஹீரோ தத்துவம் பேசுகிறார். கடலூர் மாவட்டத்தில் மட்டும் அன்றைக்கு 600-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், எங்கள் தெருக்கள். படம் வந்தபோது மூன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. தியேட்டரில் அலை எழும்பியபோது முன் வரிசையில் விசிலடித்தார்கள். எங்கள் வரிசையில் என் சித்தப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நான் கமல் ரசிகன், விருமாண்டியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவன். ஆனால் இந்த முடிவை ஓட்டுவதற்கும் எனக்கு ரிமோட் தேவைப்படவில்லை, படத்தையே அதற்கப்புறம் போட்டதில்லை.

நெய்வேலி நிலக்கரி

படத்தில் மீட்பு முகாம், உதவி எல்லாம் காட்டினார்களே அண்ணே?

சோனாங்குப்பம் அலை

காட்டினார்கள் தம்பி. பிணங்களையும் காட்டினார்கள், ஒரு பாட்டி மகனைத் தேடி வருவதையும் காட்டினார்கள். அது கமலுக்கு இன்னொரு வேஷம். சுனாமியைப் படத்தில் வைக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வில்லனுக்குப் பதில் சொல்ல அதை வைக்காதே என்கிறேன்.

மணிமுத்தாறு

விருத்தாசலத்திலிருந்து. நம் மாவட்டம் என்று வந்துவிட்டால் ஜெய் பீம் (2021) இல்லாமல் எப்படி? 1993-இல் முதனையில் நடந்தது. கம்மாபுரம் போலீஸ் பிடித்துப் போன ராஜாகண்ணு திரும்பி வரவில்லை. அவர் மனைவி விடாமல் நின்றார், வக்கீல் சந்துரு நின்றார், 2006-இல் உயர்நீதிமன்றத்தில் தண்டனை உறுதியானது. இதைச் சினிமாவாக்கியதே பெரிய காரியம். இதில் எந்த இடத்தை ஓட்டுவீர்கள் மஞ்சக்குப்பத்தாரே, சொல்லுங்கள் பார்ப்போம்.

மஞ்சக்குப்பத்தான்

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். லாக்கப் அடியை ஓட்டுவேன். பொய் என்பதால் இல்லை. முதல் அடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, இருபதாவது அடியில் இயக்குநர் என்னை நம்பவில்லை என்று தெரிகிறது. சூர்யா கோர்ட்டுக்கு நடந்து வரும் ஸ்லோ மோஷனையும் ஓட்டுவேன்.

படத்தில் அந்த மனைவியாக வரும் செங்கேணியை ஜீப்பில் கொண்டுபோய் விடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வருகிறது. அவள் ஏறமாட்டாள். வயிற்றுப் பிள்ளையோடு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பாள், பின்னால் அந்த ஜீப் ஊர்ந்து வரும். ஊரே பார்க்கும். லிஜோமோல் ஜோஸ் அங்கே ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வக்கீலின் எல்லா வாதமும் அந்த நடைக்குள் இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்தப் படத்தின் ஹீரோ அவள்தான், சூர்யா கௌரவ வேடம்.

இன்னொன்றும் சொல்வேன். உண்மையில் அந்தக் குடும்பம் குறவர். படத்தில் இருளர் என்று மாற்றினார்கள். இருளர் படும் பாட்டைக் காட்டியது நல்லதுதான், ஆனால் நிஜத்தில் அடிபட்ட ஜனத்தின் பெயர் திரையில் இல்லாமல் போனது. படம் வந்தபோது அதில் ஒரு காட்சியில் தெரிந்த காலண்டருக்காக நடந்த சண்டையில் பாதிகூட இதற்காக நடக்கவில்லை.

மணிமுத்தாறு

கடைசியில் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். லாக்கப் காட்சியில் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஓட்டிவிட உங்களுக்கு வசதி இருக்கிறது. எங்கள் பக்கம் அந்தப் படத்தைப் பார்த்த வயசானவர்கள் யாரும் கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் கம்மியாத்தான் காட்டியிருக்கான்" என்றார்கள்.

மஞ்சக்குப்பத்தான்

அவர்கள் பார்க்கட்டும். நான் என் விரலைப் பற்றித்தான் பேசுகிறேன்.

முத்தியால்பேட்டை மலர்

சரி, இவ்வளவு ஓட்டுகிறீர்களே, ஒரு படமாவது கை வைக்காமல் பார்த்ததுண்டா?

மஞ்சக்குப்பத்தான்

உண்டு. முள்ளும் மலரும் (1978). அதிலும் குறை இருக்கிறது, மங்கா சாப்பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அதை எடுத்தால் காளியின் வீட்டில் சிரிப்பே இருக்காது, 'நித்தம் நித்தம் நெல்லுச்சோறு' பாட்டில்தான் அந்த வீட்டுக்கு ஒரு உயிர் வருகிறது. மகேந்திரன் ஒரு காட்சியைக்கூட நீட்டமாட்டார். லாரி ஏறிக் கை போகிறது, அதைக்கூட அலறி அடித்துக் காட்டுவதில்லை. கடைசியில் தங்கையை எஞ்சினியருக்குக் கொடுக்கிறான். வேறு எந்தப் படமாக இருந்தாலும் அங்கே மச்சான் மச்சானைக் கட்டிப்பிடித்திருப்பார்கள். காளி, இப்பவும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை சார் என்கிறான். ஈகோவை விடாமலே ஒரு மனுஷன் நல்லவனாகிறான். ரஜினிக்கு அதற்கப்புறம் அப்படி ஒரு கடைசிக் காட்சி கிடைக்கவில்லை.

பழைய ஆபரேட்டர்

அந்தப் படத்துக்கு முதல் வாரம் கூட்டமே இல்லை தம்பி, முதலாளி முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்புறம்தான் பேச்சு பரவி ஏறியது. எந்தப் பாட்டையும் தூக்கச் சொல்லவில்லை, 'செந்தாழம் பூவில்' வரும்போது பீடிக்காரன்கூட எழுந்திருக்கவில்லை. இந்த ஒன்றில் உங்கள் விரலும் என் கணக்கும் ஒத்துப்போகிறது.

நெய்வேலி நிலக்கரி

அப்போ கில்லி?

மஞ்சக்குப்பத்தான்

பிரகாஷ்ராஜ் இருக்கும் வரை ஓட்டுவதில்லை.

மணிமுத்தாறு

இத்தனை பேர் இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், விஜயகாந்த் படம் ஒன்றுகூட இல்லை. 2006-இல் எங்கள் விருத்தாசலம்தான் அவரை முதன்முதலாகச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. கேப்டன் பிரபாகரன் (1991) பார்க்காத மாவட்டக்காரனா இங்கே இருக்கிறீர்கள்?

மஞ்சக்குப்பத்தான்

அதில் மன்சூர் அலிகான் வராத இடமெல்லாம் போகும்.

மணிமுத்தாறு

தனி இழை தொடங்குகிறேன். அங்கே வாருங்கள், வைத்துக்கொள்ளலாம்.